நாவலப்பிட்டிக்கு எத்தனை எழுத்து?

நாவலப்பிட்டி என்னும் ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று அரிச்சுவடி படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், நா, வ, ல, ப், பி, ட், டி என விரல் மடித்து எண்ணி 7 என்று விடை சொல்லும். அதே பெயரைக் கையடக்கத் தொலைபேசியில் தட்டெழுதி அந்தக் கருவியை எண்ணச் சொன்னால் 12 என்று விடை வரும். 'நா'வின் காலையும், 'பி', 'டி' ஆகியவற்றின் விசிறிகளையும், மெய்யெழுத்துகளின் புள்ளிகளையும் அது தனித்தனி எழுத்துகளாகவே கணக்கில் எடுக்கிறது. தமிழன் எண்ணுகின்ற முறைக்கும் கருவி எண்ணுகின்ற முறைக்கும் இடையிலான இந்த 5 எழுத்து இடைவெளியைப் பற்றியும், அதைக் கடப்பதற்கு முயன்றவர்களைப் பற்றியுமே இந்தப் பதிவில் எழுத விரும்புகின்றேன்.

நாவலப்பிட்டியை அறியாத வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சில வரிகள். கண்டி மாவட்டத்தின் தென்புறத்தில், மகாவலி கங்கையை அண்டி அமைந்திருக்கும் மலையடிவார நகரம் அது. பேராதனையிலிருந்து வந்த புகையிரதப் பாதை 1874 ஆம் ஆண்டில் அவ்வூரை எட்டியது. அங்கிருந்து மலையேறி நானுஓயாவைச் சென்றடைய 1885 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய அந்தக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் மேல்மலைக்குச் செல்லும் வழியில் கடந்த வாசல்களில் அந்த நகரமும் ஒன்று. இன்றும் சுற்றியுள்ள தோட்டங்களின் மக்கள் கடைக்கும் வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் அரச அலுவலகத்துக்கும் இறங்கி வருகின்ற இடம் அதுவே.

அண்மைக் காலமாக மலையகத்து இளைஞர்கள் சிலர் என்னிடம் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்கின்றார்கள். கையடக்கத் தொலைபேசிக்குச் செயலி எழுத விரும்புகின்றோம், முன்பின் அறியாத தளம், எங்கிருந்து தொடங்குவது என்பதே அந்தக் கேள்வி. நான் நிரலெழுதுபவன் அல்லன். பத்திரிகை அலுவலகங்களில் ஆயுளைக் கழித்தவன். ஈய எழுத்தைக் கோத்த காலத்திலிருந்து கணினித் திரையில் பக்கம் அமைக்கும் காலம் வரையிலான மாற்றங்களை அருகிருந்து பார்த்தவன் என்ற வகையில், வரலாற்றைத்தான் என்னால் சொல்ல முடியும். ஆயினும் இந்த வரலாற்றுக்குள்ளேயே அவர்களின் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி இருக்கின்றது என்று நம்புகின்றேன்.

மலையகத்தைப் பொறுத்தவரை முன்பின் அறியாத தளம் என்பது புதிய அனுபவமன்று. 1920 களில் அங்கு பத்திரிகையே அப்படியொரு தளமாக இருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், துணி வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். 1921 இல் 'தேசநேசன்', 1924 இல் 'தேசபக்தன்' எனத் தமிழ்ப் பத்திரிகைகளை நடத்தினார். ஆனால் யாருக்காக எழுதினாரோ அந்த மக்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். தோட்டத்துக்குள் அந்நியர் நுழைவதற்கும் தடை. அச்செழுத்து அந்த லயன் அறைகளுக்குள் எப்படிப் போவது?

அதற்கு அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை ஒரு வழி கண்டார். அரசியற் செய்திகளையும் தொழிலாளரின் துயரங்களையும் பாட்டாக இயற்றி, மக்கள் கூடும் இடங்களிற் பாடினார். கும்மியும் தெம்மாங்கும் தெரிந்த மக்களுக்கு மெட்டு ஏற்கெனவே சொந்தமாக இருந்தது. செய்தி மாத்திரமே புதியது. பழகிய மெட்டின் மீது புதிய செய்தியை ஏற்றி அனுப்பியதால் அது சென்று சேர்ந்தது. எழுதத் தெரிந்தவர் எழுத, பாடத் தெரிந்தவர் பாட, எழுத்தறியாதவர்கள் கேட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. கேட்பவர் எப்போதும் கேட்பவராகவே இருந்தார். வாசித்துச் சொல்ல இன்னொருவர் தேவைப்பட்டார். தோட்டத்துக் கடிதத்தைக் கணக்கப்பிள்ளை வாசித்தார், அறிவித்தலைக் கங்காணி விளக்கினார். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் அரசாங்கத்தின் படிவங்களை அவர்களுக்கு விளங்காத மொழிக்கு மாற்றியது. தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் ஏற்றுக்கொண்ட பின்னரும், படிவத்தை நிரப்பித் தரும் ஒருவரைத் தேடி நகரத்துக்கு வரும் வழக்கம் உடனே மறைந்துவிடவில்லை. தமக்குரிய செய்தியைத் தாமே வாசிக்கும் உரிமை என்பது இந்த மக்களைப் பொறுத்தவரை சிறிய விடயமன்று.

இந்தப் பின்னணியில்தான் 1998 ஆம் ஆண்டில் நாவலப்பிட்டிக்கு இணையம் வந்தது. அது வந்த விதம் உலகத்தின் கவனத்தை ஈர்த்தது என்பதைப் பலர் இன்று மறந்துவிட்டார்கள்.

மகாவலித் திட்டத்தின் கீழ் 1979 முதல் 1985 வரை கொத்மலை அணை கட்டப்பட்டபோது, பள்ளத்தாக்கின் கிராமங்கள் பல நீரில் மூழ்கின. இடம்பெயர்ந்த மக்களுக்காகத் தொடங்கப்பட்ட மகாவலி சமூக வானொலி முயற்சியின் தொடர்ச்சியாக, கொத்மலை சமூக வானொலி 1989 இல் ஒலிபரப்பை ஆரம்பித்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு உரிய அந்த நிலையம் கம்பளைக்கு அண்மையில், மாவத்துர என்னும் இடத்தில் இருந்தது. 1998 இல் யுனெஸ்கோ, கொழும்புப் பல்கலைக்கழகம், அரச அமைப்புகள் ஆகியவற்றின் கூட்டுறவோடு அந்நிலையத்துக்கு இணையத் தொடர்பு வழங்கப்பட்டது. அத்துடன், பொதுமக்கள் பயன்படுத்துவதற்காகக் கம்பளை நூலகத்திலும் நாவலப்பிட்டி நூலகத்திலும் இணையக் கணினிகள் வைக்கப்பட்டன. தலைநகரத்திலேயே இணையம் வசதியுள்ளோரின் பொருளாக இருந்த காலம் அது.

ஆனால் நூலகத்துக் கணினியின் முன் அமர்ந்தவருக்கு எதிரே இருந்தது ஆங்கிலம். அந்நாளில் பரவலாக இருந்த விண்டோஸ் 98 தமிழை அறியாது. தமிழ்ப் பக்கம் ஒன்றை வாசிப்பதற்கு அந்தப் பக்கத்துக்குரிய எழுத்துருவைத் தேடி இறக்கி நிறுவ வேண்டும். சிங்களத்தின் நிலை இன்னும் மோசம். தமிழுக்கு யுனிகோட் அட்டவணையில் 1991 இலேயே இடம் கிடைத்துவிட்டது. சிங்களத்துக்கு 1999 இல்தான் கிடைத்தது. ஆகவே கொத்மலைப் பள்ளத்தாக்கின் இரு சமூகத்தினரும் அந்தத் திரையின் முன்னால் ஏறத்தாழ ஒரே நிலையில் அந்நியர்களாக அமர்ந்திருந்தார்கள்.

வானொலிக்காரர்கள் இதற்குக் கண்ட தீர்வு மிக எளிமையானது. மக்கள் தம் கேள்விகளை வானொலிக்கு அனுப்பினர். அறிவிப்பாளர்கள் கலையகத்தில் இருந்தபடியே இணையத்தில் தேடினர். மருத்துவம் என்றால் ஒரு மருத்துவரையும், சட்டம் என்றால் ஒரு சட்டத்தரணியையும் அருகில் அமர்த்திக்கொண்டு, ஆங்கிலத்திற் கண்டதை மக்களின் மொழியில் விளக்கி ஒலிபரப்பினர். நேயர்கள் தம் வீட்டு வானொலிப் பெட்டியில் இணையத்தைக் கேட்டார்கள். உலகத்தின் சமூக ஊடக ஆய்வாளர்கள் கொத்மலை மாதிரி என்று பெயரிட்டு, பல நாடுகளில் எடுத்துக்காட்டிய முறை இது. பின்னர் 2000 களின் நடுப்பகுதியில், மடிக்கணினியையும் அச்சுப்பொறியையும் ஒலிபெருக்கியையும் ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்ற முயற்சியும் இதே நிலையத்தைச் சுற்றித்தான் பிறந்தது.

மீனாட்சியம்மை செய்ததையும் கொத்மலை அறிவிப்பாளர் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே என்பது விளங்கும். புதிய தளத்துக்கு மக்களைக் கூட்டிச் செல்வதற்கு முன், மக்கள் ஏற்கெனவே பழகிய ஒன்றின் மேல் அந்தப் புதியதை ஏற்றினார்கள். அங்கே மெட்டு, இங்கே வானொலி. இரண்டிலும் எஞ்சிய குறையும் ஒன்றே. வாசிப்பவர் வேறொருவர். அறிவிப்பாளர் தேடியதைத்தான் நேயர் அறிவார். நிகழ்ச்சி முடிந்தால் இணையமும் முடிந்துவிடும். சிங்களமே முதன்மை மொழியாக இருந்த ஒரு நிலையத்தில், தோட்டத்துத் தமிழ் நேயரின் கேள்விக்குக் கிடைக்கும் நேரமும் அளவானதாகவே இருக்க முடியும். வாசகர் தாமே வாசிக்க வேண்டுமானால், கருவி தமிழ் அறிந்திருக்க வேண்டும்.

கருவிக்குத் தமிழ் கற்பித்த கதை இணையத்துக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்த ஆர். முத்தையா, இளமையில் மலாயாவுக்குச் சென்றவர். ஆங்கிலத்துக்கென அமைந்த தட்டச்சுப் பொறியில் தமிழின் 247 எழுத்துகளையும் எப்படி அடக்குவது என்பதே அவர் முன் இருந்த சிக்கல். அவ்வளவு விசைகளை எந்த இயந்திரமும் தாங்காது. விசிறி, புள்ளி போன்ற குறிகளுக்கென்று, தட்டினாலும் தாள் நகராத விசைகளை அமைத்தார். குறி முதலில் விழும், எழுத்து அதே இடத்தில் அதனோடு சேரும். 247 எழுத்தையும் தனித்தனியே வைக்காமல், அவற்றை ஆக்கும் உறுப்புகளை மாத்திரம் வைப்பது என்ற அந்த யோசனைக்கு நெருங்கிய உறவுடையதுதான், நாவலப்பிட்டியை இன்று 12 ஆக எண்ணுகின்ற யுனிகோட் முறையும்.

கணினி யுகத்தில் எமது பத்திரிகைகளில் கோலோச்சியது பாமினி. ஆங்கில எழுத்துகளின் இருப்பிடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. அலுவலகத்துக்குள் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அதே கட்டுரையை அனுப்பினால், 'அம்மா' என்ற சொல்கூட ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் கட்டுரைகளைத் திறந்து, இது எந்த எழுத்துருவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த இரவுகளை என் தலைமுறைப் பத்திரிகையாளர் மறக்கமாட்டார்கள். இந்த அவலத்தை ஒழித்தது யுனிகோட். 2000 ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் பதிப்பு தமிழ் யுனிகோட்டை ஏற்றுக்கொண்டது. இலங்கையில் பழைய தட்டச்சுப் பொறியின் ரெங்கநாதன் விசையமைப்பை அடிப்படையாகக் கொண்டு எஸ்.எல்.எஸ். 1326 என்ற தர நியமம் 2008 இல் வந்தது. தட்டச்சர்களின் விரல்களுக்குப் பழகிய வழக்கத்தையே புதிய கணினிக்கும் கொண்டு சென்ற நியமம் அது.

இத்தனைக்கும் பிறகு கையடக்கத் தொலைபேசி வந்தபோது கதை மீண்டும் தொடக்கத்துக்கே திரும்பியது. இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989 இல் ஆரம்பித்தது. ஆனால் கருவிக்குள் தமிழ் இல்லை. குறுஞ்செய்தி ஒன்று கொள்ளக்கூடியது 140 பைட்டுகள். ஆங்கிலம் என்றால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழை யுனிகோட்டில் அனுப்பினால் 70 குறிகள்தான். வாசகர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாவலப்பிட்டி என்ற பெயரை ஆங்கிலத்தில் இடைவெளிவிட்டு எழுதினால் ஒரு குறுஞ்செய்திக்குள் 12 தடவை எழுதலாம். தமிழில் 5 தடவைதான். அதற்கும் கட்டணம் ஒன்றே. சொந்த மொழியில் எழுதுபவர் ஏறக்குறைய இரு மடங்கு செலவழிக்க வேண்டும் என்று எவரும் சட்டம் இயற்றவில்லை. யாரும் திட்டமிடாமலே, அமைப்பின் உள்ளே அது எழுதப்பட்டிருந்தது.

இந்தத் தளத்தில் முதலில் துணிந்து இறங்கியவர்களுள் முதன்மையானவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த கேரித்தீவோடு தொடர்புடைய குடும்பம் அவருடையது. தந்தையார் முரசு நெடுமாறன் மலேசியத் தமிழுலகம் அறிந்த கவிஞர். 1980 களின் நடுப்பகுதியிலிருந்தே கணினித் தமிழில் ஈடுபட்டு 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கியவர் முத்து நெடுமாறன். கையடக்கத் தொலைபேசிக்கான அவருடைய 'செல்லினம்' 2005 ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. தோட்டத் தமிழரின் வரலாறு மலேசியாவுக்கும் மலையகத்துக்கும் பொதுவானது என்பதால், இந்தச் செய்தி எமக்குத் தனிப்பட்ட பெருமையும் தருகின்றது.

அன்றைய தொலைபேசிகளில் ஜாவா, சிம்பியன் போன்ற தளங்களே இருந்தன. நொக்கியாவின் சில தொடக்கநிலைக் கருவிகள் 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஜாவாச் செயலியை ஏற்கவே மாட்டா. இன்று நாம் அனுப்புகின்ற ஒரு நிழற்படத்தின் சிறு துண்டுக்குக்கூட அந்த அளவு போதாது. விசைகளோ 12. தொலைபேசியின் சொந்தக் குறுஞ்செய்திப் பெட்டிக்குள் நுழைந்து தமிழைக் காட்டுவதற்கு வெளியார் செயலிக்கு அனுமதியும் இல்லை. ஆகவே எழுத்துகளைச் செயலி தானே வரைந்து, தன் எல்லைக்குள்ளேயே காட்டியது. அனுப்புபவரும் பெறுபவரும் இருவருமே அதை வைத்திருக்க வேண்டும். குறைபாடுள்ள ஏற்பாடுதான். ஆயினும் அந்த 12 விசைகளிலிருந்து தமிழ் புறப்பட்டு இன்னொரு தமிழரின் கையிலிருந்த திரையில் தமிழாகவே தோன்றியது. இடையில் வாசித்துச் சொல்பவர் எவரும் இல்லை.

தளத்தை ஆக்கியவர்கள் தமிழைச் சேர்க்கும்வரை காத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அடுத்த பத்தாண்டுகளே சாட்சி. ஐபோன் 2007 இல் வந்தது. பிறர் எழுதிய செயலிகளை ஏற்கும் கடை 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் முதலாவது அன்ட்ரொயிட் தொலைபேசியும் வந்தது. இரண்டுமே தமிழுக்குப் பாதிக் கதவைத்தான் திறந்தன. அன்ட்ரொயிட், பிறர் ஆக்கிய விசைப்பலகைகளை 2009 இலேயே அனுமதித்தது. ஆனால் கருவிக்குள் தமிழ் எழுத்துரு இல்லாமல் எழுத்துகள் வெறும் பெட்டிகளாகத் தெரிந்தன. 2011 அளவில் வந்த பதிப்புகளிலிருந்துதான் நிலைமை படிப்படியாகச் சீரானது. ஐபோனில் இதற்கு நேர்மாறு. 2011 அளவில் எழுத்துரு வந்துவிட்டது. ஆனால் வெளியார் விசைப்பலகைக்கு 2014 வரை அனுமதி இல்லை. அந்த இடைக்காலத்தில் பலர் ஒபேரா மினி உலாவியின் அமைப்பை மாற்றி, எழுத்துகளைச் சேவையகத்திலிருந்து படங்களாகத் தருவித்துத் தமிழ் வலைப்பதிவுகளை வாசித்தார்கள் என்பதை, அக்காலத்து வலைப்பதிவு வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

செல்லினம் 2009 இல் ஐபோனுக்கும் 2012 இல் அன்ட்ரொயிட்டுக்கும் சென்றது. ஒவ்வொரு தடவையும் தளம் வேறு, நிரல்மொழி வேறு, விதிகள் வேறு. ஒன்றிற் கற்றதை அப்படியே மற்றொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. எது எங்கே மூடியிருக்கிறது, எது எங்கே திறந்திருக்கிறது என்று புதிதாகத் தட்டிப் பார்த்தே முன்னேற வேண்டியிருந்தது. பயனாளரின் பழக்கம் ஒன்றே எங்கும் மாறாமல் உடன்வந்தது. ஒலிப்பு முறையில் தட்டெழுதப் பழகியவருக்கு அஞ்சல் முறை, மற்றோருக்குத் தமிழ் 99 முறை என அதே விரல் வழக்கம் தொடர்ந்தது. 2013 இல் அப்பிள் நிறுவனம் தன் தொலைபேசியில் தானே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தபோது, அந்த இரு முறைகளையுமே சேர்த்தது. வெளியில் நின்று தட்டியவர்கள் பழக்கிய வழக்கத்தைத் தளமும் ஏற்றுக்கொண்டது.

இன்னொரு தகவலையும் இங்கு பதிவு செய்ய வேண்டும். அப்பிள் கருவிகளில் உள்ள தமிழ் எழுத்துருவின் பெயர் 'தமிழ் சங்கம் எம்.என்.' என்பது. அந்த இரு எழுத்துகளும் முத்து நெடுமாறனின் பெயரின் முதலெழுத்துகள். அதே கருவிகளில் 'சிங்கள சங்கம் எம்.என்.' என்ற எழுத்துருவும் உண்டு. ஐபோனில் சிங்களம் வாசிக்கும் இலங்கையர் பலருக்கு, தம் திரையில் மலேசியத் தமிழர் ஒருவரின் கைவண்ணம் இருப்பது தெரியாது. மொழியின் பெயரால் இத்தனை இரத்தம் சிந்திய நாட்டில், இது எல்லோரும் அறிய வேண்டிய செய்தி என்று கருதுகின்றேன்.

இனி, இளைஞர்களின் கேள்விக்கு வருகின்றேன். இன்று தொடங்குவதற்கான கருவிகள் பெருமளவு இலவசம். அன்ட்ரொயிட்டுக்குச் செயலி எழுதும் மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. கூகிளின் கடையில் பதிவு செய்ய ஒரு தடவை 25 அமெரிக்க டொலரும், அப்பிளின் கடைக்கு ஆண்டுதோறும் 99 டொலரும் தேவை. ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது விலை குறைந்த அன்ட்ரொயிட் தொலைபேசி என்பதால் எதிலிருந்து தொடங்குவது என்பதில் ஐயமில்லை. கொட்லின், சுவிப்ற் போன்ற நிரல்மொழிகளைக் கற்பிக்கும் பாடங்களும் ஏராளம். அவற்றை எந்த நாட்டு இளைஞனும் கற்கலாம். நாவலப்பிட்டி இளைஞன் மாத்திரமே அறிந்த விடயங்கள் சில உண்டு. அவற்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, பெயர்கள். படிவத்தில் பெயருக்கு 10 குறிகள் போதும் என்று வேறெங்கோ இருந்து எழுதுபவர் முடிவு செய்தால், நாவலப்பிட்டி என்ற சொல்லே அதற்குள் அடங்காது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டு, அதைத் திருத்த அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய குடும்பங்கள் மலையகத்தில் ஏராளம். அந்தத் துன்பத்தைக் கண்டு வளர்ந்தவர் எழுதும் செயலி, பெயர்களை வெட்டாது.

இரண்டாவது, வரிசை. யுனிகோட் அட்டவணையில் 'ந'வுக்குப் பின் 'ன', 'ர'வுக்குப் பின் 'ற' என்று அடுக்கப்பட்டுள்ளது. அந்த எண் வரிசைப்படி பெயர்ப் பட்டியலை அடுக்கினால் நமது அகரவரிசை குலையும். பட்டியலில் தம் பெயர் இல்லை என்று ஒருவர் திரும்பிப் போகவும் கூடும். இதற்குத் தீர்வு உண்டு. மொழிக்கேற்ற வரிசைமுறைகளைத் தளங்களே இன்று தருகின்றன. கேட்டுப் பெறுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

மூன்றாவது, எந்தத் தமிழ் என்பது. தளங்களில் தமிழ் என்றால் தமிழ்நாட்டு வழக்கு என்றே பலரும் கொள்கின்றனர். ஆனால் இலங்கைத் தமிழுக்கென்று தனி நாட்டுக் குறியீடும் உண்டு. குரல்வழித் தட்டெழுத்திற்கூடக் கூகிள் இலங்கைத் தமிழைத் தனியாகக் குறித்திருக்கிறது. தேசிய அடையாள அட்டை, பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று எம்மவர் நாவில் வழங்கும் சொற்களே திரையிலும் வந்தால்தான், லயன் அறையிலுள்ள தாய் அதைத் தானே வாசித்து விளங்கிக்கொள்வார். இல்லையெனில் பக்கத்து வீட்டுப் பையனிடம் தொலைபேசியை நீட்டுவார். கணக்கப்பிள்ளையின் இடத்தில் அந்தப் பையன் வந்ததைத் தவிர வேறு மாற்றம் ஏற்படாது.

நான்காவது, பழகியதன் மேல் ஏற்றுவது. தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும் மலைச்சரிவில், இணையம் இல்லாதபோதும் இயங்கும் செயலியே பயன்படும். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் முதியவருக்குக் குரல் வேண்டும். கொத்மலை வானொலி கற்றுத்தந்த பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை. குரல் வழியே உள்ளே அழைத்து, எழுத்தின் பக்கம் மெல்லக் கூட்டிச் செல்லும் செயலி ஒன்றை எவரேனும் எழுதினால், அது மீனாட்சியம்மையின் பாட்டுக்கும் அந்த வானொலிக்கும் வாரிசாக இருக்கும்.

நிரலெழுதக் கற்போரின் முதற்பாடம், திரையில் உலகத்துக்கு வணக்கம் சொல்லும் ஒரு வரியை எழுதுவது என்பார்கள். 1978 இல் வெளியான சி மொழி நூலின் வாயிலாகப் பரவிய வழக்கம் அது. எம் இளைஞர்கள் அந்த வரியோடு தம் ஊரின் பெயரையும் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும். புள்ளிகள் தம் இடத்தில் நிற்கின்றனவா, சொல் பாதியில் அறுந்துவிடாமல் முழுமையாகத் தெரிகின்றதா, விலை குறைந்த பழைய தொலைபேசியிலும் அவ்வாறே தெரிகின்றதா என்று பார்க்க வேண்டும். ஒழுங்காகத் தெரியவில்லையெனில், எந்தக் கதவு மூடியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.

அந்தக் கதவுகளை இதுவரை எமக்காகத் திறந்தவர்களிற் பலர் வேறு ஊர்களில் இருந்தவர்கள். அவர்களுக்கு நன்றியுடையோம். அடுத்த கதவை நாவலப்பிட்டியிலிருந்தோ கம்பளையிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ ஒருவர் தட்ட வேண்டும் என்பதே என் விருப்பம்.